எந்தப் பங்கிலும் சேராதது

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கல்யாண வீட்டில் கதை எழுதுகிறவனுக்கு ஏதாவது அகப்படாமல் போகாது என்பது என் நெடுநாளைய அனுபவம். ஆனால் அன்று அகப்பட்டது கதையல்ல, ஒரு கேள்வி. அது இன்னும் என்னை விட்டபாடில்லை. ஆகவே அதில் பாதிச் சுமையை உங்கள் தலையிலும் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெண்ணின் தாத்தா கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையின் தாத்தா விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் வயது எழுபத்தைந்துக்கு மேல். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்து, பெண்கள் உள்ளே போய், பெரியவர்கள் நாற்காலி தேடி உட்கார்ந்திருந்த நேரம். நாதஸ்வரக்காரர்கள் வாத்தியங்களைத் துணி உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாளம் போடும் பையன், பன்னிரண்டு வயது இருக்கும், தூணில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்பந்தி, கடலுக்கு மேலே பறக்கிற விமானம் யாருக்குச் சொந்தம்? சொல்லுங்கள், பார்ப்போம்" என்று ஆரம்பித்தார் கடற்படைப் பெரியவர்.

"பறக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அப்புறம் என்ன கேள்வி?" என்றார் மற்றவர்.

"அது எதைத் தேடிக்கொண்டு பறக்கிறது? கப்பலை. கப்பலின் போக்கு யாருக்குத் தெரியும்?"

"தேடுவதற்கு முதலில் பறக்கத் தெரியவேண்டுமே, சம்பந்தி!"

பேச்சு மெல்ல மெல்லச் சூடேறியது. நம் நாட்டில் 1976 வரை கரையிலிருந்து கிளம்பிக் கடலைக் கண்காணிக்கும் பெரிய விமானங்கள் விமானப்படையிடம்தான் இருந்தன. ஏர் இந்தியாவிடமிருந்து வாங்கிய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் அவை. 1976-ல் அந்தப் பொறுப்பும் விமானங்களும் கடற்படைக்கு மாறின. "எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்" என்றார் ஒருவர். "எங்களுடையது எங்களிடம் வந்து சேர்ந்தது" என்றார் இன்னொருவர். ஐம்பது வருஷத்துக்கு முந்திய விவகாரம். ஆனால் நேற்றுப் பாகம் பிரித்த அண்ணன் தம்பி போல் இருவர் முகமும் சிவந்துவிட்டது.

எனக்கு விமானமும் தெரியாது, யுத்தமும் தெரியாது. என்றாலும் இருவர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. இருவரும் நியாயமாகப் பேசுகிற சண்டையில் குற்றம் யாருடையது?

வீட்டு விஷயமாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் தையல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதை நன்றாக ஓட்டத் தெரிந்தவள் மூத்த மருமகள். தைத்துப் போடவேண்டிய சின்னக் குழந்தைகள் இருப்பதோ இளைய மருமகளுக்கு. இயந்திரம் யார் அறையில் இருக்கவேண்டும்? வல்லவள் அறையிலா, வேண்டியவள் அறையிலா? வல்லவளிடம் இருந்தால் இயந்திரம் பழுதில்லாமல் இருக்கும். ஆனால் அவளுக்குத் தன் வேலைதான் முதல் வேலை. வேண்டியவளிடம் இருந்தால் குழந்தைக்குச் சட்டை கிடைக்கும், ஊசி உடையலாம். ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால் மாமனாரின் பணப்பை சம்மதிக்க வேண்டும். உலகத்து வல்லரசுகள் எல்லாம் விமானத்தை வைத்துக்கொண்டு நூறு வருஷமாகத் தீர்க்க முயன்ற வழக்கு இதுதான்.

வீடு திரும்பியபின் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். இந்த வழக்கு முதன்முதலில் பெரிதாக நடந்த இடம் பிரிட்டன். அங்கே நடந்ததைச் சொல்லுகிறேன்.

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டனில் தனி விமானப்படை கிடையாது. தரைப்படைக்கு ஒரு விமானப் பிரிவு, கடற்படைக்கு ஒரு விமானப் பிரிவு. ஆளுக்கொரு தையல் இயந்திரம்! சண்டை ஓய்ந்ததா? இல்லை. நல்ல எஞ்சினுக்கும் நல்ல விமானத்துக்கும் இரண்டு படைகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. நாட்டின் ஆகாயத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு 1916-ம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். எதிரி விமானம் கரையை நோக்கி வருகிற வரையில் கடற்படையின் பொறுப்பு. கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் தரைப்படையின் பொறுப்பு. காகிதத்தில் எத்தனை அழகான பாகப் பிரிவினை! ஆனால் எதிரிக்கு அந்தப் பத்திரத்தின் நகல் போய்ச் சேரவில்லை.

1917-ம் ஆண்டு ஜூன் 13, பட்டப்பகல். ஜெர்மானியரின் கோத்தா விமானங்கள் லண்டன் மேல் வந்து குண்டு போட்டன. 162 பேர் இறந்தார்கள். கிழக்கு லண்டனில் பாப்லர் என்ற ஏழைகள் பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு குண்டு விழுந்தது. மேல்தளங்களைத் துளைத்துக்கொண்டு கீழே சிசு வகுப்பில் போய் வெடித்தது. இறந்த குழந்தைகள் 18 பேர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்காரர்கள். பிரிட்டிஷ் விமானங்கள் பல எழும்பித்தான் போயின. வந்தவற்றில் ஒன்றையாவது வீழ்த்த முடியவில்லை.

மக்கள் கொதித்தார்கள். காரணம் ஆராய ஒருவரை நியமித்தார்கள். அவர் வேறு யாருமல்லர். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் எதிர்த்து நின்ற அதே ஜெனரல் ஸ்மட்ஸ். ஆகாயத்தைத் துண்டு போடக் கூடாது, அதற்கென்று தனி இலாகாவும் தனிப் படையும் வேண்டும் என்று அவர் அந்த ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். 1918 ஏப்ரல் 1-ம் தேதி இரண்டு பிரிவுகளையும் ஒன்றாக்கி ராயல் விமானப்படை பிறந்தது. இப்படித் தனித்து நின்ற விமானப்படைகளில் உலகத்திலேயே அதுதான் முதலாவது.

ஆக, பிரித்ததால் வந்த குறையைச் சேர்த்துத் தீர்த்தார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் நீதியும் சுலபமாகக் கிடைத்திருக்கும். ஆனால் முடியவில்லை.

கடற்படைக்காரர்கள் நல்ல விமானிகளை எல்லாம் புதிய படைக்குத் தாரை வார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கப்பல் எங்களுடையது, அதன்மேல் நிற்கும் விமானம் மட்டும் வேறொருவனுடையதா என்று சுமார் இருபது வருஷம் வாதாடினார்கள். 1937 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்ன அமைச்சர் சர் தாமஸ் இன்ஸ்கிப், தொழிலால் வக்கீல். அவர் போட்ட கோடு இதுதான்: விமானந்தாங்கிக் கப்பல்களில் உள்ள விமானங்கள் கடற்படைக்கு, கரையிலிருந்து கிளம்பிக் கடல்மேல் போகும் விமானங்கள் விமானப்படைக்கே. இரண்டு பக்கத்துக்கும் ஒரு பாதி. வக்கீல் வீட்டுத் தீர்ப்பு அப்படித்தானே இருக்கும்!

அதற்கு இரண்டு வருஷம் கழித்து யுத்தம் வந்தது. பிரிட்டன் உண்ணும் உணவில் பெரும் பங்கும் விமானத்துக்கு ஊற்றும் எண்ணெயும் அட்லாண்டிக் கடலைத் தாண்டித்தான் வரவேண்டும். கூட்டம் கூட்டமாக வந்த வணிகக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடின. ஆகாயத்தில் ஒரு விமானம் தெரிந்தால் போதும், நீர்மூழ்கி தண்ணீருக்குள் இறங்கிவிடும்; இறங்கிவிட்டால் அதன் வேகம் குறைந்துவிடும், கப்பல்கள் தப்பித்துப் போய்விடும். ஆனால் ஐஸ்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் நியூபவுண்ட்லாந்திலிருந்தும் கிளம்பும் விமானங்கள் எட்ட முடியாத ஒரு பகுதி நடுக்கடலில் இருந்தது. மாலுமிகளுக்கு அந்த இடத்தை நினைத்தாலே குலை நடுங்கும்.

எட்டக்கூடிய விமானம் இல்லாமல் இல்லை. லிபரேட்டர் என்ற அமெரிக்க விமானத்தில் கூடுதல் எண்ணெய்த் தொட்டிகள் பொருத்தினால் அது அந்த இடத்துக்குப் போய்ச் சில மணி நேரம் காவல் காத்துவிட்டுத் திரும்பும். போய்க்கொண்டும் இருந்தது, ஆனால் அவற்றின் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கது. கடலைக் காக்கும் கரையோர விமானப் பிரிவுக்கு விமானப்படைக்குள் மாற்றாந்தாய்ப் பிள்ளையின் நிலை. 1941-லேயே அதை ஏவும் அதிகாரம் கடற்படைத் தலைமைக்கு வந்துவிட்டது. ஏவலாம்; ஆனால் ஏவுவதற்கு விமானம் வேண்டுமே? நெடுந்தூரம் போகும் பெரிய விமானங்கள் ஜெர்மன் நகரங்களின் மேல் குண்டு போடுவதற்கே வேண்டும் என்று குண்டுவீச்சுப் பிரிவின் தலைவர் ஹாரிஸ் அடித்துப் பேசினார். எதிரியை அவன் வீட்டிலேயே அடித்தால் யுத்தம் சீக்கிரம் முடியும், அதுவே எல்லா மாலுமிகளையும் காப்பாற்றும் என்பது அவர் கட்சி. அவர் பொய் சொல்லவில்லை. மனமார நம்பினார்.

"பார்த்தீரா, விமானம் கடற்படையிடமே இருந்திருந்தால்?" என்று பெண்ணின் தாத்தா கேட்பார். அவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக்கு லிபரேட்டர்கள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை அது பசிபிக் கடலுக்கு அனுப்பிவிட்டது. அங்கே ஜப்பானோடு நடப்பதுதான் அதற்குத் தன் சொந்த யுத்தம். ஆக, வல்லவனும் தரவில்லை. வேண்டியவனாகப் பேசியவனும் தன் கைக்கு வந்ததை அங்கே அனுப்பவில்லை.

1943 ஜனவரியில் காஸாபிளாங்கா மாநாட்டில், அந்த இடைவெளியை மூடுவதற்கு விமானங்கள் தரவேண்டும் என்று முடிவாயிற்று. மார்ச் மாதம் வரை முடிவு பெரும்பாலும் முடிவாகவே இருந்தது. அந்த மார்ச் மத்தியில் இரண்டு கப்பற் கூட்டங்கள் அந்த வழியே வந்தன. சில நாட்களுக்குள் 22 வணிகக் கப்பல்கள் மூழ்கின. முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் போனார்கள்.

அப்புறம்தான் கைகள் தளர்ந்தன. லிபரேட்டர்கள் வந்தன, அவற்றோடு சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களும் புதிய ரேடாரும் காவற்கப்பல் குழுக்களும் சேர்ந்துகொண்டன. மே மாதத்தில் மட்டும் ஜெர்மானியர் 41 நீர்மூழ்கிகளை இழந்தார்கள். அந்த மாதம் 24-ம் தேதி அவர்கள் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் நீர்மூழ்கிகளை விலகிக்கொள்ளச் சொன்னார். மார்ச்சுக்கும் மேக்கும் நடுவே இரண்டே மாதம்!

இதிலே என் மனத்தை அறுப்பது ஒரு கணக்கு. பிளாக்கெட் என்ற விஞ்ஞானி, முதல் யுத்தத்தில் கடற்படையில் பணியாற்றியவர், பின்னால் 1948-ல் நோபல் பரிசு பெற்றவர், அந்த யுத்தத்தில் இந்த விஷயங்களை எண்ணிக்கையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுதந்திரம் வந்தவுடன் நேருஜி பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு யோசனை கேட்டது இவரிடம்தான். ஐஸ்லாந்திலிருந்து பறக்கும் ஒரு லிபரேட்டர், தன் ஆயுளில் முப்பது தடவை போய்வந்தால், குறைந்தது ஆறு வணிகக் கப்பல்களைக் காப்பாற்றும். அதே விமானத்தைப் பெர்லினுக்கு அனுப்பினால் அதன் ஆயுள் முழுவதும் நூறு டன்னுக்கும் குறைவான குண்டுதான் போடும். ஆண், பெண், குழந்தை என்று ஏறக்குறைய இரண்டு டஜன் பேரைக் கொல்லும். சில வீடுகளை இடிக்கும். பிளாக்கெட் கண்ட கணக்கின் சாரம் இது. ஒரு பக்கம் ஆறு கப்பலும் அதில் உள்ள மாலுமிகளும் பிழைக்கிறார்கள். மறு பக்கம் இரண்டு டஜன் பேர் சாகிறார்கள். இத்தனை தெளிவான தராசு மனிதனுக்கு வாழ்க்கையில் அடிக்கடி கிடைப்பதில்லை. கிடைத்தும் ஏன் கை நகரவில்லை?

ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குண்டுவீச்சுப் பிரிவின் புத்தகத்தில் விழுந்த குண்டுகளின் எடை இருந்தது. கடற்படையின் புத்தகத்தில் போர்க்கப்பல்கள் இருந்தன. மூழ்கியவர்கள் யார்? வணிகக் கப்பலின் கூலி மாலுமிகள். அவர்கள் கடற்படையும் அல்லர், விமானப்படையும் அல்லர். அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் நம் இந்திய மாலுமிகளும் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். லஸ்கர் என்று அழைத்தார்கள். கரிபோட்டு, எஞ்சின் துடைத்து, குறைந்த கூலிக்கு உழைத்த ஜனங்கள். பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அந்தக் கப்பல்களில் இல்லை.

இங்கேதான் என் கேள்வி. குற்றவாளி இல்லாமல் குற்றம் ஒன்று இருக்க முடியுமா?

நம் நீதிமன்றங்கள் அப்படி நினைப்பதில்லை. யாராவது ஒருவர் கூண்டில் ஏறவேண்டும். ஆனால் அந்த மார்ச் மாதத்து மரணங்களுக்கு யாரைக் கூண்டில் ஏற்றுவது? ஹாரிஸையா? அவர் தன் கடமையைத்தான் செய்தார். கொஞ்சம் அதிகமாகவே செய்தார். இன்ஸ்கிப்பையா? இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டவர் அவர். ஸ்மட்ஸையா? பதினெட்டுக் குழந்தைகளுக்குப் பிறகு அவர் சொன்னதை யார்தான் சொல்லியிருக்க மாட்டார்கள்? ஒவ்வொருவராகப் பார்த்தால் எல்லோரும் யோக்கியர்கள். மொத்தமாகப் பார்த்தால் முந்நூறு பிணங்கள்.

"எல்லோருக்கும் பொறுப்பு" என்று சொல்லிவிடலாம். அது அழகான வாக்கியம். ஆனால் எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் இல்லை என்றுதான் நடைமுறையில் அர்த்தம். "பிரிக்கவே கூடாது, ஒருவனிடமே கொடு" என்றும் சொல்லலாம். 1918-ல் அதைத்தான் செய்தார்கள். ஒருவனிடம் கொடுத்தால் அவனுக்குப் பிடித்த வேலை முந்திக்கொள்ளும், பிடிக்காத வேலை மாற்றாந்தாய்ப் பிள்ளையாகும். "வேண்டியவனுக்கெல்லாம் கொடு" என்றால் 1917-க்குத் திரும்புகிறோம். வள்ளுவர் இன்ன வேலைக்கு இன்னான் என்று ஆய்ந்து ஒப்படைப்பதற்குத் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆயினும் எந்த வேலையென்றே பெயர் வைக்கப்படாத வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

அமெரிக்காவில் இது வேடிக்கையாகவே போயிற்று. 1952-ல் தரைப்படையும் விமானப்படையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. தரைப்படை வைத்துக்கொள்ளும் இறக்கை விமானத்தின் வெற்று எடை ஐயாயிரம் பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. விமானம் என்ன வேலை செய்கிறது என்பதல்ல, எத்தனை கனம் என்பது கணக்கு! நம் நாட்டிலும் கோடு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1976-ல் கடற்படைக்குப் போனதைச் சொன்னேன். 1986 நவம்பரில் தரைப்படைக்குத் தனி விமானப் பிரிவு ஏற்பட்டது. அபாச்சி என்ற தாக்கும் ஹெலிகாப்டர் 2019-ல் விமானப்படையில் சேர்ந்தது. 2025-ல் தரைப்படையும் தனக்கென்று சிலவற்றைப் பெற்றது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, மூன்று படைகளுக்கும் பொதுவாக ஒரு முப்படைத் தலைவர் 2020 ஜனவரி முதல் தேதி பதவியேற்றார். கோடு நகர்வதை நான் குறை சொல்லவில்லை. நகராத கோடுதான் ஆபத்து.

என் புத்திக்கு எட்டியதைச் சொல்லுகிறேன். பங்கு பிரிப்பது பாவமல்ல. பிரிக்காமல் உலகம் நடக்காது. ஆனால் கோடு போட்டவன் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இன்ஸ்கிப்போ அவருக்குப் பின் வந்தவரோ வருஷத்துக்கு ஒருமுறையாவது தம் கோட்டின்மேல் நடந்து பார்த்து, இங்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். பங்கு வாங்கிக்கொண்டவனுக்கும் ஒரு கடமை உண்டு. "என் பங்கு எது?" என்ற கேள்வியோடு, "என் பங்கு அல்ல என்று நான் விட்டுவிட்ட இடத்தில் இருப்பவன் யார்?" என்ற கேள்வியையும் அவன் கேட்டாகவேண்டும். முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். அதில் லாபம் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்பதற்கு மனச்சாட்சியைத் தவிர வேறு தூண்டுகோல் கிடையாது. குற்றவாளி இல்லாத குற்றம் உண்டா என்றால், உண்டு என்றுதான் நினைக்கிறேன். அது ஒவ்வொருவரும் கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வியின் கூட்டுத்தொகை.

இப்படி எல்லாம் எழுதுகிற எனக்கும் அன்று இரவே ஒரு பாடம் கிடைத்தது. அதைச் சொல்லாமல் முடித்தால் யோக்கியமாகாது.

பெரியவர்கள் இருவரும் பேசி ஓய்ந்தபோது மணி பத்தரை. சமையற்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எல்லோரும் சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டார். அப்பொழுதுதான் நாதஸ்வரக்காரர் தயங்கித் தயங்கி, "நாங்கள் நாலு பேர் இருக்கிறோமுங்க" என்றார். பெண் வீட்டார் திகைத்துப் போனார்கள். ஊர்வலத்தோடு வந்தவர்கள்தானே, மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த இடத்திலேயே சாப்பிட்டிருப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். மேளம் பெண் வீட்டார் ஏற்பாடு, அவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருந்தார்கள். தாளம் போடும் பையன் தூணடியிலேயே பசியோடு தூங்கிப்போயிருந்தான்.

நான் என்ன நினைத்திருந்தேன்? எட்டு மணியிலிருந்து அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். அவன் முகம் வாடியிருந்ததுகூட என் கண்ணில் பட்டது; கதைக்கு உதவும் என்று மனத்தில் குறித்தும் வைத்துக்கொண்டேன். சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றவில்லை. நான் இரண்டு வீட்டாரிலும் சேர்த்தியில்லை, விருந்தாளி.

கடற்படைப் பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். விமானப்படைப் பெரியவர் இலைகளை எடுத்துவந்து, குனிய முடியாத முதுகோடு குனிந்து தம் கையாலேயே போட்டார். நான் போய்ப் பையனைத் தட்டி எழுப்பினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்து இலை முன்னால் உட்கார்ந்தான். சாதத்தைப் பார்த்தவுடன் அவன் முகம் விழித்துக்கொண்டது.